நின்னா நின்னதுதான்

நவம்பர் 18, செவ்வாய்

மதுரை டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். வெக்கை, தூக்கம், ரத்தம், மனசு. இந்த நாலும் தினமும் எப்படி இருக்கிறது என்று குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்துக் கொண்டுவர வேண்டுமாம். "ரெண்டு வரி போதும், இந்திராணி" என்றார். ரெண்டு வரியோடு நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் எனக்கு மருந்தே தேவைப்பட்டிருக்காது.

அருப்புக்கோட்டையில் லேடி டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களில் ஒருத்தியாவது எங்கள் சொந்தக்காரியாக இருப்பாள். நான் பஸ் ஏறி வீடு வருவதற்குள் என் கர்ப்பப்பை தெருவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். அதனால்தான் மதுரை. வீட்டில் தைராய்டு என்று சொல்லியிருக்கிறேன். தைராய்டு என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

போன வாரம் என் நைட்டித் தையல் பட்டறையில் கத்தரிக்கோலை விட்டெறிந்தேன். என்னிடம் வேலை பார்க்கிற பஞ்சவர்ணம் கழுத்துப் பட்டியைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள், அவ்வளவுதான். அடிவயிற்றில் கிளம்பிய சூடு கழுத்துக்கு ஏறி, காது அடைத்து, கை தன்னால் வீசிவிட்டது. அவள் மேல் படவில்லை. கத்தரிக்கோலை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குத்தான் டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தேன்.

ஸ்கேன், மார்புப் படம், பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதினார். கையில் தடவ ஒரு ஜெல், தினமும். ராத்திரி படுக்கும்போது ஒரு மாத்திரை, மாதத்தில் ஒன்றாம் தேதியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் மட்டும். "ஜெல் கர்ப்பப்பை உள்சுவரை வளர்த்து விடும். மாத்திரைதான் அதைக் காப்பாத்தும். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணு போடவே கூடாது. மாத்திரை முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல பீரியட்ஸ் மாதிரி வரும்."

"மறுபடியுமா?"

"உங்களுக்கு நின்னு ஒரு வருஷம் ஆகலையே, அதனால இப்போதைக்கு இந்த முறை. அப்புறம் வராத மாதிரி மாத்திக்கலாம். சொன்ன தேதிக்கு வந்தா பயப்பட வேணாம். தேதி தப்பி வந்தா போன் பண்ணுங்க." எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "நின்னு வருஷக்கணக்கான ஒருத்தி, மருந்து எதுவும் எடுக்கல, அவளுக்கு ஒரு சொட்டுப் பட்டாலும் அன்னைக்கே வந்து காட்டணும். சூடுன்னு சொல்லிக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இருந்தா சொல்லுங்க."

அது எனக்குப் பொருந்தாத விஷயம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என் கவலையெல்லாம் "மறுபடியும் வரும்" என்றாரே, அதில்தான்.

நவம்பர் 19, புதன்

வெக்கை அஞ்சாறு தடவை. தூக்கம் இல்லை. ரத்தம் இல்லை. மனசு கொதிக்கிறது.

ஏன் கவலை என்று டாக்டரம்மாவுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் பெட்டி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குலதெய்வத்தின் பட்டும் வளையலும் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. பெட்டி என் கணவரின் அண்ணன், பெரிய மச்சான் மாரிச்சாமி வீட்டில் தனி அறையில் இருக்கிறது. அந்த அறைக்குள் தினமும் விளக்குப் போடுவது ஒரு பொம்பளை, அதுவும் மாதவிலக்கு நின்றுபோன பொம்பளை. மாசிச் சிவராத்திரிக்குக் கோயிலுக்குப் போகும்போது அவள்தான் முன்னால் போவாள். அன்றைக்கு அவள் கையால்தான் எல்லோரும் திருநீறு வாங்குவார்கள். ஆண்களும் கை நீட்டித்தான் நிற்க வேண்டும்.

பதினோரு வருஷமாக அந்த இடத்தில் இருப்பது மச்சான் பெண்டாட்டி, என் ஓரகத்தி சீனியம்மாள் அக்கா. அறுபத்திரண்டு வயது, சர்க்கரை, கனத்த உடம்பு, முழங்கால் போய்விட்டது. வருகிற தை கடைசி வெள்ளியன்று சாவியை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. எனக்குப் பங்குனியோடு நின்றுவிட்டது என்பது ஊரறிந்த விஷயம். இப்போது இந்த மருந்தால் அது திரும்ப வரப்போகிறது.

எனக்கு எதற்கு அந்தச் சாவி என்று கேட்டால் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த முதல் சிவராத்திரி, கோயிலுக்குப் போகிற வழியில் வேனிலேயே எனக்கு வந்துவிட்டது. என் கணவரின் அக்கா குருவம்மாள் மதினி நடுவழியில் வண்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டாள். அடுத்த நாள் அவர்கள் திரும்பும்வரை ஒரு டீக்கடை ஓரத்தில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீனியம்மாள் அக்காவும் அந்த வேனில் இருந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். இறங்கவில்லை. குருவம்மாள் மதினி என் முன்னால் கையை நீட்டித் திருநீறு வாங்குவதை நான் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

டிசம்பர் 4, வியாழன்

தூங்கினேன்! விடியும் வரை தூங்கினேன். பஞ்சவர்ணத்துக்கு ஒரு நைட்டித் துணி சும்மா கொடுத்தேன். சந்தேகமாகப் பார்த்தாள்.

டிசம்பர் 15, திங்கள்

வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்ன கணக்குக்குச் சரியாக.

நாப்கின் பாக்கெட்டை வீட்டில் வைக்க முடியாது. பட்டறையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால், மேல் தட்டில் வைத்திருக்கிறேன். காலையில் அதை எடுத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் சீனியம்மாள் அக்கா நிற்கிறாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டு, ஒரே பின்கட்டு. அதற்காக நினைத்த நேரம் பட்டறைக்குள் வருவதா?

"என்னத்தா, முகம் வெளுத்துக் கெடக்கு?" என்றாள்.

"தைராய்டுக்கா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

ரத்தம் இல்லை. நேற்றே நின்றுவிட்டது. மனசு சரியில்லை.

பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து துவைக்கிற கல் பக்கத்தில் நின்றாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. மெதுவாகக் கேட்டாள். "ஏத்தா இந்திரா, நின்னு போனது மறுபடி வருமா?"

கண்டுபிடித்துவிட்டாள். வாயைப் பிடுங்கப் பார்க்கிறாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வாளியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்.

"அதெப்படிக்கா வரும்? நின்னா நின்னதுதான்."

"இல்ல, ஒரு பேச்சுக்குக் கேட்டேன். லேசாப் பட்டுச்சுன்னா?"

"சூடாத்தான் இருக்கும். வெந்தயத்த ஊறவச்சுக் குடிச்சாச் சரியாப்போகும். அதுக்கெல்லாமா டாக்டர்கிட்டப் போவாக?"

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நன்றாக வாயடைத்தேன்.

டிசம்பர் 27, சனி

பட்டறை மேல் தட்டில் பாக்கெட் இளைத்திருக்கிறது. நான் எடுத்தது எனக்குத் தெரியாதா? யாரோ எடுத்திருக்கிறார்கள். பஞ்சவர்ணத்திடம் கேட்டால், "எனக்கு வேணும்னா கேட்டே வாங்கிக்கிட மாட்டனா மேடம்?" என்கிறாள். அதுவும் சரிதான், அவள் கேட்டு வாங்குகிற ரகம்.

அப்படியென்றால் அக்காதான். தை கடைசி வெள்ளியன்று நாலு பேர் முன்னால் எடுத்துக் காட்டுவதற்குச் சாட்சி சேர்க்கிறாள். குருவம்மாள் மதினியோடு அடிக்கடி போனில் பேசுகிறாள் வேறு.

ஜனவரி 2, வெள்ளி

அக்கா வீட்டுச் சமையல்கட்டில் ஒரு டம்ளரில் வெந்தயம் ஊறிக்கொண்டிருக்கிறது. நான் பார்க்கும்படியாக ஜன்னல் ஓரத்திலேயே வைத்திருக்கிறாள். எனக்குக் கேலி தெரியாதா?

சாயங்காலம் பட்டறைக்கு வந்தாள். ரெண்டு நைட்டி வேண்டுமாம். எப்போதும் சந்தனக் கலர், இளம் பச்சை என்று கேட்கிறவள், "நல்ல இருட்டுக் கலராக் குடு ஆத்தா. மெரூன், காப்பிக் கலர்" என்றாள். "அழுக்குத் தெரியாதுல்ல?" என்று தானாகவே ஒரு காரணமும் சொன்னாள். அழுக்கு என்று சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள். அளவெடுத்தேன். இடுப்பு முன்னைவிட இறங்கியிருக்கிறது. சாவியைக் கொடுக்கப்போகிற ஆதங்கத்தில் சாப்பிடுவதில்லை போல.

ஜனவரி 6, செவ்வாய்

ஜெல் டியூப் பாதியாகிவிட்டது. இதுவுமா!

வீட்டையே புரட்டிவிட்டேன். கடைசியில் என் கணவர் தங்கப்பாண்டி உரக்கடைக்குக் கிளம்பும்போது வேட்டியை மடித்துக்கட்டி முழங்காலில் என்னுடைய ஜெல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! வலி மருந்து என்று நினைத்தாராம். "ரெண்டு வாரமாப் போடுதேன். கொஞ்சம் கேக்குற மாதிரிதான் இருக்கு" என்றார். அது பொம்பளைகளுக்கான ஹார்மோன் என்று சொல்லவும் முடியவில்லை. டியூபைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"தைராய்டுக்குக் கையில எதுக்குடி தடவுறாக?" என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகிற போக்கில், "அண்ணிக்கு உடம்பு என்னமோ சரியில்ல போல. நேத்து வாசல்படி ஏற மூச்சு வாங்குச்சு" என்றார்.

"உங்க அண்ணிக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

காலையில் எனக்கு வந்துவிட்டது. சாயங்காலம் பெட்டி அறையில் பொங்கல் வைத்துக் கும்பிட வேண்டும். எல்லோரும் அக்கா வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தோம். குருவம்மாள் மதினியும் வந்திருந்தாள்.

அறை வாசலில் நின்று அக்கா என்னைக் கூப்பிட்டாள். "இந்திரா, இன்னைக்கு நீ போய் விளக்கேத்து. பழகிக்கிடணும்ல."

தெரிந்தேதான் கேட்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தீட்டோடு உள்ளே போகவைத்து, பிறகு போட்டுக்கொடுப்பதற்கா?

"இல்லக்கா. தை வெள்ளி வரைக்கும் நீங்கதானே. நீங்க போடுங்க."

"எனக்கு முழங்கால் மடங்க மாட்டேங்குதுத்தா. நீயே போ."

"எனக்கு வயித்தால போகுதுக்கா. உள்ள வந்து அவசரம்னா என்ன செய்ய?"

அவள் அறை வாசலின் ஒரு ஓரத்தில், நான் மறு ஓரத்தில். இரண்டு பேரும் நிலைப்படியைத் தாண்டவில்லை. அக்காவுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. நல்ல நாளில்கூடச் சேலை கட்டாமல், புது மெரூன் நைட்டிக்கு மேல் துண்டைச் சுற்றி, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நின்றாள். குருவம்மாள் மதினி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் பெரிய மச்சான், "என்னம்மா நீங்க, நல்ல நாளும் அதுவுமா" என்று சலித்துக்கொண்டு தானே போய் விளக்கேற்றினார்.

நான் தப்பித்தேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. என்னை மாட்டிவிட வேண்டும் என்றால், எனக்கு வயிறு சரியில்லை என்றதும் அவள் முகத்தில் ஏன் அப்படி ஒரு பயம்?

ஜனவரி 22, வியாழன்

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பிப்ரவரி கணக்கைப் பார்த்தால் மாத்திரை முடிந்து சரியாகச் சிவராத்திரி அன்றைக்கு வருகிறது. மாத்திரையை அந்த மாதம் மட்டும் விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். திட்டினார். "விடவே கூடாது. வேணும்னா நாலஞ்சு நாள் கூடப் போடுங்க, அதுவரைக்கும் தள்ளிப்போகும்" என்றார். அப்பாடா. இனி ஒருத்தியும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

பாக்கெட்டின் வாயில் ஒரு குண்டூசியைக் குத்தி வைத்திருக்கிறேன். பிரித்தால் தெரிந்துவிடும்.

ஜனவரி 29, வியாழன்

குண்டூசி இடம் மாறியிருக்கிறது.

காலையில் பின்கட்டில் புகை. அக்கா குப்பையைக் கொளுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். தேங்காய் மட்டை ஈரம், பாதிதான் எரிந்திருந்தது. ஒரு குச்சியால் கிளறினேன். என்னுடைய பாக்கெட் நாப்கின்தான். சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து, கருகியும் கருகாமலும். என்னுடையதைப் பொறுக்கி வைத்திருந்து எரிக்கிறாளா? எதற்கு எரிக்க வேண்டும், சாட்சியல்லவா?

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். எனக்கு இந்த மாதம் பத்தொன்பதாம் தேதியே நின்றுவிட்டது. காகிதத்துக்குள் இருந்தது அப்படியொன்றும் பழையது இல்லை.

அப்புறம் நவம்பர் 18-ஐப் படித்தேன். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதை. பிறகு டிசம்பர் 21. பிறகு மெரூன் நைட்டி. வெந்தயம். நான் இங்கே எழுதிவைத்த ஒவ்வொன்றையும் விரல் வைத்துத் திரும்பப் படித்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

மச்சான் வெளியே போகும்வரை காத்திருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்கவில்லை.

"எப்பேர்ந்துக்கா?"

"எது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஆடியில இருந்துத்தா. மொதல்ல லேசாத்தான் பட்டுச்சு. இப்ப நாலு நாளு விட்டு நாலு நாளு."

"ஏன்க்கா சொல்லல?"

"யாருகிட்டச் சொல்ல? அறுபத்திரண்டு வயசுக்காரி கடையில போயி எதக் கேக்க? உன் தட்டுல இருந்து எடுத்தேன். கோவிச்சுக்காத."

"நாளைக்கே மதுரைக்குப் போவோம்."

அவள் பதறிவிட்டாள். ஆடியில் வந்தது என்றால் அதற்கப்புறம் எத்தனை நாள் தெரியாமல் பெட்டி அறைக்குள் போயிருப்பாள் என்று கணக்குப் பார்ப்பார்களாம். ஆவணியில் குருவம்மாள் மதினி மகளின் கல்யாணம் பரிசம் போட்ட பிறகு நின்றுபோனது. புரட்டாசியில் பெரிய மச்சான் வண்டியிலிருந்து விழுந்தார். "எல்லாத்தையும் என் தலையில போட்டுருவாக. அந்தப் பிள்ள வாழ்க்கையக் கெடுத்தவன்னு சொல்லுவாக. எனக்கே அப்படித்தான் தோணுது இந்திரா. சாமி குத்தம்தான் இப்படி வருது."

"குத்தமும் இல்ல, கூந்தலும் இல்ல! இது நோவுக்கா. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

"ஒங்கிட்ட சாவியக் குடுத்துட்டு, மாசி முடியட்டும். பெறகு பாப்போம். நீதான் சொன்னியே, சூடுதான்னு. வெந்தயம் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மருந்தை நான் எடுத்துக்கொண்டு அவளுக்கு வெந்தயத்தைக் கொடுத்தவள் நான். இந்த நாக்கை எந்த இஸ்திரிப் பெட்டியால் சுடுவது?

பிப்ரவரி 3, செவ்வாய்

தினமும் போய்க் கெஞ்சுகிறேன். "மாசி முடியட்டும்" என்கிறாள். "மச்சானிடம் நான் சொல்கிறேன்" என்றால், "சொன்னே, கெணத்துல விழுந்துருவேன்" என்கிறாள். பட்டறையில் எனக்கு ஜோலி ஓடவில்லை. டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். "ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க, எப்படியாவது கூட்டிட்டு வாங்க" என்றார். எப்படியாவது என்றால் எப்படி?

பிப்ரவரி 6, வெள்ளி

கையெழுத்து கோணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

சாவி மாற்றும்போது ஒரு முறை உண்டு. கொடுக்கிறவளும் வாங்குகிறவளும் ஒரே பலகையில் ஒட்டி உட்கார வேண்டும். பலகை முழுக்க மாக்கோலம் போட்டிருக்கும். மூத்த நாத்தனார் எதிரில் நின்று, "வீட்டு விளக்கு யார் கையில?" என்று கேட்பாள். இருவரும் எழுந்து நின்று சாவியை மாற்ற வேண்டும். மாத்திரை போடுகிற நாட்கள் என்பதால் எனக்கு இன்றைக்குத் துளி ரத்தம் இல்லை. அவர்கள் கணக்குப்படியே நான் சுத்தம். மஞ்சள் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். அக்கா காப்பிக் கலரில் ஒரு சேலை.

கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். குருவம்மாள் மதினி கேட்டாள். எழுந்தோம். அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். நானும் கையை நீட்டினேன். அப்போது மதினி பலகையைப் பார்த்தாள்.

வெள்ளை மாக்கோலத்தின் நடுவில், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

"யாருது இது?" என்றாள் மதினி.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த வேன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்த அதே கண். பயம்தான் அது. அன்றைக்கும் அது பயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் நான்தான் அதை வேறு மாதிரிப் படித்துவிட்டேன். எனக்கு யோசிக்க நேரமில்லை. சாவி என் விரல் நுனியில் இருந்தது. சும்மா நின்றிருந்தால்கூடப் போதும், காப்பிக் கலர் சேலையைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

தலை சுற்றுவதுபோல அந்தப் பலகையில், அந்த இடத்திலேயே, திரும்ப உட்கார்ந்தேன். நன்றாக அழுத்தி உட்கார்ந்தேன். பிறகு எழுந்து மஞ்சள் பட்டை எல்லோருக்கும் தெரியும்படி திரும்பி நின்றேன்.

"என்னுது" என்றேன்.

மதினி என்னென்ன சொன்னாள் என்பதை எழுதினால் இந்த நோட்டு தாங்காது. நின்றுவிட்டது என்று பொய் சொல்லிச் சாமியை ஏமாற்றப் பார்த்தவள், சண்டாளி, இன்னும் என்னவெல்லாமோ. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். நான் அழுதேன். பொய்யழுகையாகத்தான் ஆரம்பித்தேன், பாதியில் நிஜமாகிவிட்டது.

அழுதுகொண்டே பெரிய மச்சானிடம் சொன்னேன். "எனக்கு என்னமோ பெரிய நோவு மச்சான். பயமா இருக்கு. நாளைக்கு மதுரைக்குப் போகணும். அக்காவ மட்டும் எங்கூட அனுப்புங்க."

"சீனி, கூடப் போயிட்டு வா" என்றார் மச்சான். ஒரு வாரமாகக் கெஞ்சியும் நடக்காதது, ஒரே வார்த்தையில் நடந்துவிட்டது.

பிப்ரவரி 7, சனி

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம். காரியாபட்டி தாண்டியது. பிறகு, "பட்டுச் சேலை போச்சேத்தா" என்றாள்.

"ஊறப்போட்டிருக்கேன்" என்றேன்.

ஸ்கேனில் உள்சுவர் தடித்திருக்கிறதாம். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வலித்தது போல, என் கையை நெரித்துவிட்டாள். டாக்டரம்மா அவளிடம், "யாரும்மா இவ்ளோ நாள் விட்டது?" என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

புற்றுதான். ஆனால் கர்ப்பப்பையை விட்டு வெளியே போனதாகத் தெரியவில்லையாம். எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்கிறார் டாக்டரம்மா. இன்னும் ஒரு வருஷம் வெந்தயம் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவர் ஆபரேஷன் தேதியை எழுதிக் கொடுத்தார்.

பெரிய மச்சானிடம், "எனக்குப் பாக்கப் போன எடத்துல அக்காவையும் பாக்கச் சொன்னேன். அவங்களுக்குத்தான் கட்டி இருக்கு" என்றேன். கட்டி என்றதோடு நிறுத்திக்கொண்டேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. இனி அதைத் துருவ மாட்டேன்.

ராத்திரி மாத்திரை இன்றோடு முடிகிறது. கூட நாலு நாள் போட்டுத் தள்ளிவைக்க இப்போது ஒரு காரணமும் இல்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு. சிவராத்திரி

நாளைக்கு அக்காவுக்கு ஆபரேஷன், மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மச்சான் கீழே ரத்தம் கொடுக்க ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கணவர் இட்லி வாங்கப் போயிருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜெல் உட்பட. முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார்.

குருவம்மாள் மதினி போன் செய்தாள். விளக்குக்குக் கமுதிக்காரி ஒருத்தியை ஏற்பாடு செய்துவிட்டாளாம். வேன் கிளம்பிவிட்டதாம். "நீ செஞ்ச குத்தத்துக்கு அவ படுத்துக் கெடக்கா" என்றாள். பழைய இந்திராணியாக இருந்தால் போன் உடைந்திருக்கும். "சாமியக் கேட்டதாச் சொல்லுங்க மதினி" என்று வைத்துவிட்டேன்.

அக்கா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். "உனக்கும் வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு?" என்றாள் திடீரென்று. "டிசம்பர்லயே எனக்குத் தெரியும். ஒண்ணுமில்லாதவ எதுக்கு பாக்கெட்ட வாங்கி ஒளிச்சு வைக்கப் போறா?"

நான் சந்தேகப்பட்டது சரிதான்! அவள் கண்டுபிடித்துத்தான் இருந்திருக்கிறாள். "அப்ப எதுக்குக்கா எனக்குச் சாவி குடுக்க வந்தீக?"

"எனக்கும் வருது, உனக்கும் வருது. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட மாட்டோம்னு நெனச்சேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அன்னைக்கு வேன்ல இருந்து உங்கூட நானும் எறங்கியிருக்கணும்த்தா."

"இப்ப எறங்கியாச்சேக்கா" என்றேன்.

அவள் அழுதாள். நானும் அழுதேன். நர்ஸ் வந்து பிரஷர் ஏறிவிடும் என்று இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

வெக்கை ஒரே தடவை. தூக்கம் இனிமேல்தான். மனசு பயமாக இருக்கிறது, ஆனால் லேசாக இருக்கிறது. ரத்தம் உண்டு. அவளுக்கு நேற்றிலிருந்து. எனக்கு இன்று காலையில், டாக்டரம்மா சொன்ன தேதிக்குச் சரியாக. கடையிலிருந்து ஒரு பெரிய பாக்கெட் வாங்கிவந்து பிரித்து, அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று ஜன்னல் திட்டில் வைத்தேன்.